சிட்னிப் பூட்டனை விசாரித்த கதை

சிட்னியில் உண்டு உறங்கிச் சுகமாயிருக்கும் மச்சான் ஐங்கரனுக்கு, பாரிஸ் லாச்சப்பலில் உன் புண்ணியத்தால் இரண்டையும் மறந்திருக்கும் அத்தான் மார்க்கண்டு எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம்தானே. போனில் எழுதினால் உன் அக்கா பார்த்துவிடுவாள், அதனால்தான் தபால்.

நான் கேட்டது என்ன? எங்கள் மகள் தர்சிகா கட்டப்போகிற பிரெஞ்சுப் பெடியன் அர்னோவின் தாய்வழிப் பூட்டன் சிட்னிக்காரராம், குடும்பம் எப்படி என்று இரண்டு வரி விசாரித்து எழுது என்றேன். விசாரிக்காமல் பெண் கொடுக்க மாட்டேன் என்று உன் அக்கா பிடிவாதம். நீ என்னடாவென்றால் நூலகத்தில் குந்தியிருந்து, நூறு வருடப் பழைய பேப்பரெல்லாம் கிண்டி, செத்த மனிதரின் ரக்பி லீக் வரலாற்றை ஏழு பக்கத்தில் எழுதி அவள் பெயருக்கே அனுப்பியிருக்கிறாய். முன்வரிசையில் விளையாடினார், சரி. அவர் உடைத்த மூக்குகளின் பட்டியல் ஏன்? மூன்று தரம் மைதானத்தை விட்டுத் துரத்தினார்கள், நடுவரைத் தள்ளியதற்கு ஒரு வருடத் தடை, நாலு வருடத்தில் மூன்று கழகம் மாறினார், இதெல்லாம் யார் கேட்டது?

நான் கடை வாசலில் சிகரெட்டும் வாயுமாய் மரக்கறி அடுக்கிக்கொண்டு நிற்கிறேன், சனத்துக்கு நடுவில் வந்து வாசிக்கிறாள்.

"ஒரு கழகத்திலையும் தரிக்கேல்லை. இது குடும்பம் நடத்துற பரம்பரையே?"

"அது விளையாட்டப்பா. பந்து வைச்சிருக்கிறவனை விழுத்துறதுதான் வேலை."

"வாயைத் திறந்து பந்தைக் கேட்டிருக்கலாமே."

அர்னோவோ மீன் வெட்டுவதைப் பார்த்தாலே முகம் வெளுக்கிற பிள்ளை. எபினேயில் கல்யாண மண்டபம் எடுத்தாயிற்று. அம்மா வராவிட்டாலும் வருகிற மாதம் மெரியில், அதுதான் நகரசபையில், கையெழுத்து வைப்பேன் என்று தர்சிகா பிரெஞ்சில் கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்திவிட்டாள்.

ஆகவே உடனே அக்காவுக்கு இன்னொரு கடிதம் எழுது. ஆள் மாறிவிட்டது, உண்மையான பூட்டன் தேவாலயத்தில் பாட்டுப் பாடினவர் என்று எழுது. பொய்தான், பரவாயில்லை.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், நான் அங்கே வந்து உன்னை ஒரு தரம் விழுத்தும்வரைக்காவது.

இப்படிக்கு,
நொந்துபோன அத்தான்
மார்க்கண்டு

பின்குறிப்பு: எழுதாதே. நான் உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா ஏழாம் பக்கத்துக்கு வந்துவிட்டாள். பெயரும் புகழுமாய் இருந்த நேரத்தில், மனைவி "போதும்" என்ற ஒரு சொல்லுக்கு அந்த ஆள் விளையாட்டையே விட்டுவிட்டாராமே. அதை முதல் பக்கத்தில் வைத்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, அர்னோவுக்குப் போன் எடுத்து மாப்பிள்ளைத் தலைப்பாகைக்கு அளவு கேட்டுவிட்டாள். இனி ஆள் மாறிவிட்டது என்று நீ எழுதினால்தான் கல்யாணம் நிற்கும். இப்போது என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அந்த மனுசன் பந்தையே விட்டவர். நீங்கள் உந்தச் சிகரெட்டை விடமாட்டியளோ?"