குரியாக்கோஸ் கையெழுத்திட்ட ஒப்பந்தம்

ஏற்றுமானூர் குரியாக்கோஸ் மின்சார அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தார். அதில் பாதி வேலை, பாதி வேலைநிறுத்தம். யூனியன் செயலாளர் அல்லவா! மேலிடத்திலிருந்து ஒரு பக்கம் மெமோ வந்தால் மூன்று பக்கம் பதில் எழுதுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு, ஓய்வு பெற்ற பிறகு, சொந்த வீட்டில், சொந்தக் கம்ப்யூட்டரே நோட்டீஸ் கொடுத்தால் ரத்தம் கொதிக்குமா, கொதிக்காதா?

திடீரென்று திரை முழுக்கக் கறுத்துப்போகும். மூலையில் ஒரு வாசகம் முளைக்கும்: 'உங்களிடம் இருப்பது அசல் பிரதி அல்ல. போலி மென்பொருளுக்கு நீங்கள் பலியாகியிருக்கலாம்.'

"பலியா? நானா?" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார் குரியாக்கோஸ். "எட்டு சஸ்பென்ஷன் பார்த்தவன் நான். என்னைப் பார்த்துப் பலியாங்கிறான்!"

அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் அடுத்தது வரும்: 'அப்டேட் தயார். இப்போதே நிறுத்தித் தொடங்கவா, பிறகு நினைவூட்டவா?' குரியாக்கோஸ் 'பிறகு' என்பதை ஓங்கிக் குத்துவார். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி வரும். மறுபடி குத்துவார். இப்படியே ஐந்து மாதம். மவுஸின் இடது காது செத்துப்போய் இரண்டாவது மவுஸ் வாங்கியாயிற்று.

அடுப்படியிலிருந்து மனைவி சூசம்மா குரல் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"இச்சாயா, அசலே இல்லேங்கிறான். ஆனா தொந்தரவு மட்டும் வட்டி மாதிரி தினம் தவறாம வருதே!"

"சிரிக்காதே சூசா. இது நம்ம உரிமைப் பிரச்சினை. எங்கேயோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவன், என் மேஜை மேல இருக்கிற பெட்டியை நிறுத்து, தொடங்குன்னு உத்தரவு போடுறான். நான் கேட்கணுமா?"

"அப்போ காசு கொடுத்து அசலை வாங்கிப் போட்டுடலாமே?"

"பணியவே மாட்டேன்!"

வீம்பு பாதி என்றால், மீதிப் பாதி பயம். அந்தப் பெட்டிக்குள் அவருடைய நூல் இருந்தது. பழைய வேலைநிறுத்தங்களின் வரலாறு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஏதோ ஒரு காலத்து மலையாள எழுத்துருவில், ஒற்றை விரலால் அடித்தது. அப்டேட் நடந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கனவில்கூடக் கட்டங்கள்.

சூசம்மாவுக்கும் அந்தப் பெட்டி வேண்டியிருந்தது. மஸ்கட்டில் இருக்கும் பதினொரு மலையாளிப் பிள்ளைகளுக்கு அதன் வழியாகத்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது திரை கறுக்கும். பிள்ளைகள் கெக்கலிப்பார்கள். ஒருநாள் அந்த வாசகம் மஸ்கட் வரைக்கும் தெரிந்துவிட்டது.

அன்று சூசம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபம் வந்தால்தான் அப்படித் துடைப்பாள்.

"ஒரு குழந்தையோட அப்பா கேட்கிறார் இச்சாயா. 'கம்ப்யூட்டர் போலின்னு எழுதியிருக்கே, டீச்சர் அசல்தானா?'ன்னு. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கை இது. எனக்கு இது தேவையா?"

"போராட்டத்துல கொஞ்சம் இழப்பு இருக்கத்தான் செய்யும்."

"இழப்பு எனக்கு, போராட்டம் உங்களுக்கா? அடுத்த மாசத்திலிருந்து அந்த வகுப்பு மென்பொருள் பழைய கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னும் சொல்லிட்டாங்க."

"நூல் முடியற வரைக்கும் ஒருத்தனும் அதைத் தொடக் கூடாது. தொட்டா, இந்த மேஜை முன்னாடியே உண்ணாவிரதம்!"

"மதியத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும்."

"...சாப்பிட்டுட்டு உட்காருவேன்."

அடுத்த வியாழக்கிழமை அவர் கோட்டயத்தில் ஓய்வு பெற்றோர் கூட்டத்துக்குப் போனார். காலை எட்டு மணிக்குப் போனவர், ஒன்றரை மணி நேரம் முழங்கிவிட்டு, மூன்று மணிக்குத் தொண்டை கட்டித் திரும்பினார். நுழைந்ததும் அறையை எட்டிப் பார்த்தார். திரை வழக்கம்போலக் கறுப்பு. நிம்மதி.

முற்றத்தில் சூசம்மா காப்பி கொடுத்தாள். பக்கத்து வீட்டுச் சுகதனும் இருந்தான். கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன்.

"இச்சாயா," என்றாள் சூசம்மா, குரலை நன்றாகத் தாழ்த்தி, "தினமும் சண்டை எதுக்கு? நீங்க பேச்சுவார்த்தையில பெரிய ஆள். உட்கார்ந்து பேசி எழுத்துல ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம்."

பேச்சுவார்த்தை! குரியாக்கோஸுக்குக் கட்டிய தொண்டை திறந்துவிட்டது. வெள்ளைத்தாளும் கார்பனும் வந்தன.

"உன் கோரிக்கை என்ன, சொல்லு."

"காலையில ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும் கம்ப்யூட்டர் எனக்கு. வகுப்பு நடக்கும்போது நீங்க அறைக்குள்ளே தலையை நீட்டக் கூடாது."

"பரிசீலிக்கலாம். அடுத்து?"

"மீன் கழுவுறது உங்க வேலை."

குரியாக்கோஸ் நெற்றியைத் தேய்த்தார். முற்றம் அதிர நடந்தார். நான்கு கோரிக்கையாவது வைப்பாள் என்று நினைத்த எதிராளி இரண்டோடு நின்றதில் உள்ளுக்குள் துள்ளலாக இருந்தது. அதை முகத்தில் காட்டுவாரா?

"சம்மதம். ஆனா என் பக்கத்து ஷரத்து ஒண்ணே ஒண்ணு. நானே எழுதுவேன். ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

"உங்க இஷ்டம்."

அவர் எழுதி, உரக்கப் படித்தார்: 'இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில் மேற்படி கம்ப்யூட்டர் எந்த நிலையில் இருக்கிறதோ, அதே நிலையில் அது தொடர்ந்து இருக்கும். எக்காரணத்தைக் கொண்டும் இரு தரப்பில் எவரும் அதை மாற்றக் கூடாது.'

"ரொம்பக் கறாரா இருக்கே," என்று சூசம்மா தயங்கினாள்.

"கறாராத்தான் இருக்கும். போடு கையெழுத்தை!"

போட்டாள். சுகதன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். போடும்போது அவனுக்கு ஏனோ இருமல் வந்தது.

மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் குரியாக்கோஸ் நூலோடு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நோட்டீஸ் வரவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. பலி என்ற பேச்சே இல்லை. அவர் மார்பு விம்மியது.

"சூசா! ஓடி வா! கம்பெனி பணிஞ்சிடுச்சு! ஐந்து மாசத்துல மண்டி போட்டுட்டான்!"

கூட்டாளிகள் இரண்டு பேருக்குப் போன் போட்டு வெற்றிச் செய்தியும் சொல்லிவிட்டார். அப்புறம்தான் எதையும் குடைந்து பார்க்கும் பழைய பழக்கம் தலைகாட்டியது. ஏன் பணிந்தான் என்று அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் திறந்தது. 'அசல் பிரதி. உறுதி செய்யப்பட்டது. கடைசி அப்டேட்: வியாழன், காலை பதினொன்று இருபது.'

"சூசம்மா!"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வியாழக்கிழமை நான் கோட்டயத்துல முழங்கிட்டிருந்தேன். இங்கே என்ன நடந்துச்சு?"

"சுகதன் வந்தான். அசலை வாங்கிப் போட்டான். அப்டேட்டும் ஆச்சு."

"கறுப்பாத்தானே இருந்துச்சு!"

"திரைக்குப் பின்னணியா கறுப்புப் படம் ஒண்ணு வைக்கச் சொன்னேன். திடீர்னு வெளிச்சமா இருந்தா உங்க கண்ணு கூசும்."

"என் நூல்?" குரியாக்கோஸ் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல அதைத்தான் தனியா பத்திரப்படுத்தினோம். உங்க பழைய எழுத்துருவையும் போட்டாச்சு. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் நானே திறந்து பார்த்தேன். ஒரு கொம்பு, ஒரு கால்கூடக் கெடலே. இவ்வளவு நேரம் அதுலதானே அடிச்சிட்டிருந்தீங்க?"

உண்மைதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இது வஞ்சகம்! இப்பவே சுகதனைக் கூப்பிடு. பழையபடி மாத்தச் சொல்லு!"

சூசம்மா இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்து, கணக்கு டீச்சர் குரலில் வாசித்தாள்.

"'கையெழுத்தாகும் நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறதோ, அதே நிலையில்...' கையெழுத்துப் போட்டது மூணே முக்காலுக்கு. எக்காரணத்தைக் கொண்டும் மாத்தக் கூடாது. உங்க எழுத்துத்தான் இச்சாயா."

குரியாக்கோஸ் தாளை வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எத்தனையோ அதிகாரிகள் ஓட்டை தேடித் தோற்ற அதே வாக்கிய அமைப்பு. ஓட்டை இல்லை.

"விட மாட்டேன்! போராட்டம் தொடரும்!"

"தொடரட்டும். மத்தி மீன் வாங்கி வச்சிருக்கேன். ரெண்டாவது ஷரத்து."

அவர் தலை குனியவில்லை. மீன் சட்டியை ஒரு கையில் ஏந்தி, மறு கையை முஷ்டியாக உயர்த்தி, "இன்குலாப் ஜிந்தாபாத்!" என்று முழங்கியபடி கொல்லைப்புறக் குழாயடியை நோக்கி அணிவகுத்துப் போனார்.

ஊர்வலத்தில் பூனை மட்டும் கலந்துகொண்டது.