நாலடி வரப்பும் பேரூராட்சி வக்கீலம்மாவும்

அன்புள்ள மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு,

மாமனார் பஞ்சநாதன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் சங்கீதாவும் நலமென்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் "சுருக்கமாச் சொல்லுங்க மாமா" என்பீர்கள். சுருக்கமாகச் சொல்லக்கூடிய அநியாயம் இல்லை இது.

மீன் மார்க்கெட் கழிவுநீரைப் பேரூராட்சி நம் உப்பளத்தை ஒட்டிய ஓடையில் விட்டதும், அது பாத்திக்குள் ஏறி, சித்திரை வெயிலிலும் உப்பு விளையாமல் நுரை நிற்பதும் உங்களுக்குத் தெரியும். கேஸ் போடலாமா என்று கேட்டதற்கு, பேரூராட்சி ஆபீசிலேயே சட்டப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சொன்னது யார்? நீங்கள்தான். போனேன். சத்யப்ரியா என்று ஒரு வக்கீலம்மா. உட்காரச் சொல்லி, ஃபேனை என் பக்கம் திருப்பி, டீயும் வாங்கிக் கொடுத்தார். கவர்ன்மெண்ட் ஆபீசில் எனக்கு யார் டீ கொடுத்திருக்கிறார்கள்? மனசு இளகி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போன வருஷம் வரப்புப் போடும்போது ஓடைக்குள் நாலடி தள்ளிப் போட்டதையும் சேர்த்துத்தான்.

கேஸ் போட்டேன். போன வாரம் பேரூராட்சியின் பதில் மனு வந்தது. அதில் என் வாயிலிருந்து வந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை மாப்பிள்ளை. ஓடையை மறித்தவனே நான்தானாம், அதனால்தான் தண்ணீர் ஏறுகிறதாம். நாலடி என்பது வரை சரியாக இருக்கிறது. கீழே சத்யப்ரியா கையெழுத்து. நேரே போய்க் கேட்டேன்.

"நான் ஆபீசுக்குத்தான் வக்கீலுங்க. ஆபீசு மேல யாராவது கேஸ் போட்டா எதிர்த்து நிக்கிறது என் வேலை. அன்னைக்கே சொன்னேன், நீங்கதான் பேச்சை நிறுத்தல" என்றார்.

சொன்னார்தான். டீ குடிக்கிற நேரத்தில் அதையெல்லாம் யார் கவனிப்பது? ஊர் வரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர்க்காரனை எதிர்த்தே வாதாடுவதா? வயிறு எரிகிறது. கேஸ் தோற்றால் இந்த வருஷ விளைச்சலோடு உப்பளக் குத்தகையும் கையை விட்டுப் போய்விடும்.

நானும் சும்மா இல்லை. திங்கட்கிழமை கோர்ட்டு ஆள் அளக்க வருகிறார். ஞாயிற்றுக்கிழமையே வரப்பை வெட்டிப் பழைய இடத்தில் போட்டுவிடப்போகிறேன். வந்து நன்றாக அளக்கட்டும். இது நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது.

நம் குலதெய்வம் உங்கள் இருவரையும் எந்த ஆபீஸ் படியும் ஏறவிடாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் மாமனார்,
பஞ்சநாதன்

பி.கு.: கோபத்தில் எதையாவது எழுதி, அதற்கொரு கேஸ் வந்துவிடக் கூடாதே என்று, தபாலில் போடும் முன் இதைச் சத்யப்ரியா அம்மாவிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். வேண்டாம்ங்க என்று இரண்டு தடவை சொன்னார், நான் விடவில்லை. என்ன இருந்தாலும் விவரமான ஆள். தப்பாக ஒன்றும் இல்லை, அப்படியே அனுப்பலாம் என்று சொல்லி, ஒரு ஜெராக்ஸ் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.