ஆடு வீட்டுக்குப் போச்சா?

கண்ணைத் திறந்தால் படம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா வாசகரே? தவறு. படம் தெரிய வேண்டுமென்றால் முதலில் பக்கத்தில் ஒரு பட விளக்கி வேண்டும். இந்த இனம் இப்போது கொரியாவின் சுவோன் நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒன்றாவது இருக்கிறது. எங்கள் குடியிருப்பின் குட்டி நூலகத்தில் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் காட்ட வாய்த்தவர் பியோன் ஒக்ஹீ டீச்சர்.

அடையாளம் எளிது. புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்திருப்பார். படத்தில் எது முக்கியமோ அதன்மேல் அவருடைய விரல் இருக்கும். அட்டையின் நிறம், அட்டைக்கு உள்ளே ஒட்டிய தாளின் நிறம், அந்த நிறம் மனத்தில் எழுப்ப வேண்டிய உணர்ச்சி, அது எழும்பாத பிள்ளையின் அம்மா வீட்டில் கொடுக்க வேண்டிய பயிற்சி என்று ஒவ்வொன்றாக அவர் இறக்கிவைத்து முடிப்பதற்குள், சூடேறிய தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆரஞ்சை உரித்துத் தின்று, தோலையும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒருவர் காலுறையை ஒருவர் இழுக்கத் தொடங்கியிருப்பார்கள். அப்போது முதல் பக்கம் திரும்பும். சில நாள் அதுவும் திரும்பாது.

நீலம் என்றால் சோகம் என்று ஒருமுறை கற்றுக்கொடுத்தார். அன்று மாலையே க்யூரின் என்ற சிறுமி, நீலச் சட்டையில் வேலையிலிருந்து வந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு, அழாதீங்கப்பா என்று தேற்றினாளாம். புதுக்கவிதைக்குப் பொழிப்புரை எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு தூரம் போவதில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த ஆட்டுப் புத்தகம் மாட்டியது. அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்ட ஆடு பனிக்குள் நடக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஆடு இல்லை, குளம்படிகள் மட்டும் பக்கத்தின் ஓரம்வரை போகின்றன. அந்தக் குளம்படிகளிலேயே வாரக்கணக்காக வகுப்பு நின்றுவிட்டது. வெறுமை என்றார் டீச்சர். இன்றைய மனிதனின் தனிமை என்றார்.

முன்வரிசைச் சிறுமி ஹாராமுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்.

"டீச்சர், ஆடு வீட்டுக்குப் போச்சா?"

அது கீழ்மட்டக் கேள்வி என்று டீச்சர் அன்பாக ஒதுக்கிவிடுவார். புத்தகத்தை இரவல் கொடுக்கவும் விடமாட்டார். விளக்கம் இல்லாமல் பார்த்தால் பிள்ளைகளின் கண் கெட்டுப்போகுமாம். இதற்கிடையில், பனி விழுந்தாலே ஹாராம் ஜன்னலுக்கு ஓடுகிறாள், ஆட்டுக்கு என்று தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்குகிறாள் என்று அவள் அம்மா புலம்பிக்கொண்டிருந்தார்.

போன வாரம் டீச்சர் மனமிரங்கிப் பின்னட்டையைத் திருப்பினார். எங்கும் வெண்பனி. நடுவில், எங்கள் நூலகம் எல்லாப் புத்தகத்திலும் ஒட்டும் உள்ளங்கை அகல ஸ்டிக்கர். இரவல் கருவி படிப்பதற்கான கறுப்புக் கோடுகளோடு.

"கறுப்புக் கம்பிங்க தெரியுதா? இதுதான் ஜெயில். நகரம்ங்கற ஜெயில். ஆடு இனிமே வராது. ஓவியருக்கு என்ன தைரியம் பாருங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது லைப்ரரி ஸ்டிக்கர், டீச்சர்," என்றாள் ஹாராம். "எல்லா புக்லயும் இருக்கு."

"அதையேதான் நானும் சொல்றேன், கண்ணு. எல்லாருமே ஜெயில்லதான் இருக்கோம்."

ஹாராம் தவழ்ந்து போய் ஸ்டிக்கரின் மூலையில் நகத்தைக் கொடுத்தாள். டீச்சர் அதை ஈடுபாடு என்று எடுத்துக்கொண்டு புத்தகத்தை வாகாகச் சாய்த்துப் பிடித்தார்.

அடியிலிருந்து முதலில் வந்தது ஒரு வால். பிறகு முதுகு. பிறகு கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போடும் பெரிய சிவப்பு ரப்பர் தொட்டி. அதற்குள் கழுத்துவரை தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது ஆடு. வீட்டு முற்றத்தில்.

"வந்துடுச்சு," என்றாள் ஹாராம், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அது உப்புக் கோஸுடி," என்றாள் க்யூரின். "இனிமே தண்ணியா குடிக்கப்போகுது."

பிள்ளைகள் மொத்தமும் எழுந்து வந்து தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஹாராம் ஒரு குட்டி ஆரஞ்சை உரித்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். டீச்சர் திருந்தினாரா என்கிறீர்களா? அவருடைய விரல் அதற்குள் ஆட்டின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"வால் மேல தூக்கியிருக்கு பாருங்க. இது எதைக் காட்டுது?"

"ஆட்டை," என்றார்கள் எல்லோரும்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறீர்கள். சரி. ஆனால் அந்தச் சிவப்புத் தொட்டி எதற்குக் குறியீடு என்று சற்றுமுன் ஒரு கணம் யோசித்தீர்களே, அது என்ன? விரலை எடுங்கள். பின்னால் இருப்பவர்களுக்கு ஆடு தெரியவில்லை.