மீன் எண்ணெய் போட்ட வேன் கதவு

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முதல் வருடம் முடித்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த முதல் வருடக்காரன் நான்தான்.

எங்கள் ஊர் கீழவைப்பார். அப்பாவிடம் மீன் பிடிக்கப் போகிற ஒரு வள்ளமும், ஐஸ் பெட்டி ஏற்றுகிற பழைய வேன் ஒன்றும் இருந்தன. வேனின் இடது பக்கம் மட்டும் ஒரு தள்ளுகதவு. உப்புக் காற்றில் அதன் தண்டவாளம் துருவேறி, கதவு பாதி வழியில் நின்றுவிடும். ஸ்டெல்லா அக்காவுக்குப் பெரியதாழையில் கல்யாணம் முடிவானபோது, அந்த வேனைக் கழுவி, பின்னால் சீட்டு போட்டு, பெண்ணை அதிலேயே கூட்டிப்போவது என்றார் அப்பா. டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பி வலையை மட்டும் கழற்றவில்லை. (அது இப்படி வேலை காட்டும் என்று யார் கண்டது?)

"கதவ ஒர்க்‌ஷாப் அண்ணாச்சிட்ட காட்டிருவோம்" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா, நான் பாத்துக்கிடுதேன். ரோலர்ல எண்ணெய் இல்ல, அவ்வளவுதான்."

அப்பா நம்பவில்லை. அக்காதான் நம்பினாள். "தம்பி படிக்கான்லா, செஞ்சிருவான்ப்பா. என் கல்யாணத்துக்கு அவனும் ஒண்ணு செய்யட்டும்."

கிரீஸ் வாங்க டவுனுக்குப் போக வேண்டும். வீட்டில் வள்ளத்துக்குப் பூச வாங்கிய மீன் எண்ணெய் அரை டின் இருந்தது. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே? தண்டவாளம் முழுக்க ஊற்றினேன். கதவு வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கா ஒற்றை விரலால் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தாள். அப்பாகூட "பரவால்லலே" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான்கு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

மீன் எண்ணெயை வள்ளத்துக்கு எதற்குப் பூசுகிறோம்? காய்ந்து பிசினாகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரை உள்ளே விடாது என்றுதான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்த சங்கதி. முதல் வருடப் படிப்பு அதை எங்கேயோ ஒதுக்கிவிட்டது. அந்த நான்கு நாளும் வேன் கடற்கரை வெயிலில் நின்றது. காற்று தன் பங்குக்கு மணலை அள்ளித் தண்டவாளத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

கல்யாண நாளான திங்கட்கிழமை காலை மூன்று பேர் இழுத்த பிறகுதான் கதவு திறந்தது. அக்கா ஏறியதும் ஓர் உதை விட்டு மூடினேன்.

பெரியதாழைக் கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் மாலையோடு நின்றார்கள். பேண்டு முழங்கியது. நான் போய்க் கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். வேன்தான் ஆடியது. முன்பக்கம் வழியாக இறக்கலாம் என்றால் டிரைவருக்குப் பின்னால் அந்தக் கம்பி வலை. வாசனை பிடித்து இரண்டு பூனைகள் வந்து கதவோரம் உட்கார்ந்தன.

கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் ஓடிவந்தார். "பாதருக்குப் பதினோரு மணிக்கு அடுத்த ஊர்ல அடக்கப் பூசை இருக்கு. கால் மணி நேரத்துல பொண்ணு உள்ள வரணும். இல்லன்னா கல்யாணம் சாயங்காலந்தான்."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்பா தண்டவாளத்தைத் தொட்டு விரலை முகர்ந்தார். "ஏலே, என்னத்தப் போட்ட?"

"மீன் எண்ணெய்ப்பா."

அப்பா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்போது ஜன்னல் கண்ணாடி நாலு விரல் நகர்ந்தது. முக்காட்டுக்குள்ளிருந்து அக்கா சொன்னாள்: "அழாதலே. டிக்கியத் திற, நான் வந்துருதேன்."

டிக்கி நிறையச் சீர்ச் சாமான். ஒவ்வொன்றாக இறக்கினேன். சீர் வருகிறது என்று நினைத்த பேண்டுக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் வாசித்தார்கள். குத்துவிளக்குக்கு வாசித்தார்கள், சரி. பிளாஸ்டிக் வாளிக்கும் வாசித்தார்கள். பதற்றத்தில் பித்தளைக் குடத்தைக் கீழே போட்டேன். அதற்கும் வாசித்தார்கள். கடைசியில் அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சீட்டைத் தாண்டி, குனிந்து இறங்கினாள். அதற்கு வாசிக்கவில்லை. பேண்டு மாஸ்டரே சிரித்துக்கொண்டிருந்தார். தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது.

அன்றிலிருந்து பெரியதாழையில் எனக்குப் பெயர் 'டிக்கி மச்சான்'. என் சொந்தப் பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

இந்த வருடம் அக்கா மகளுக்குக் கல்யாணம். பட்டனைத் தொட்டால் தானே திறக்கிற கதவுள்ள கார். அக்கா நேரே பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து பார்த்தாள்.

"எதுக்குக்கா?"

"நீ பக்கத்துல நிக்கியே, அதான்."

அப்பா இருந்திருந்தால் தண்டவாளத்தை முகர்ந்து பார்த்திருப்பார். அவரை நினைத்து நானும் அக்காவும் சிரித்தோம். கொஞ்சம் அழவும் செய்தோம்.

மகளுக்கு வைத்த சீரில் அந்தப் பித்தளைக் குடமும் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குடம் நசுங்கியிருக்கே மதினி, தட்டி எடுத்திருக்கலாமே" என்றார்.

"தட்டக் கூடாது மதினி" என்றாள் அக்கா. "என் கல்யாணத்துக்கு என் தம்பி செஞ்சது அது ஒண்ணுதான்."