ஆண்ட்ரூவின் நீல ட்ரம் பற்றி ஏற்காட்டு மச்சானுக்கு

இராயபுரம்,
டிசம்பர் மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் பெர்க்மான்ஸ் அவர்களுக்கு, அருள்நாதன் வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உங்கள் தங்கை வியாகுலமும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதை விடுங்கள். மலையில் தாங்களும் வீட்டில் அக்காவும் அந்தக் குரைக்காத நாயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்பு ஏறுவதால் தாளில் எழுதுகிறேன்.

தாங்கள் என்னிடம் கேட்டது இரண்டு காரியம். ஒன்று, கோபித்துக்கொண்டு இங்கே வந்துவிட்ட தங்கள் மகன் ஆண்ட்ரூவுக்குப் புத்தி சொல்லி அனுப்புவது. இன்னொன்று, காப்பித் தோட்டத்தை ரிசார்ட்காரருக்கு விற்க வியாகுலத்திடம் கையெழுத்து வாங்குவது. தாத்தா நட்டு, அப்பா வளர்த்து, தாங்கள் காத்த தோட்டம். பறிக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆளும் பச்சை, சிவப்பு பார்க்காமல் கிளையோடு உருவிப் போடுகிறார்கள், இனி முடியாது என்று எழுதியிருந்தீர்கள். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவன். மேலே உட்கார்ந்து கீழே நடப்பதைப் பார்த்தே பழக்கம், யார் பக்கமும் சாயமாட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆண்ட்ரூ வந்தபோது கையில் துணிப்பை இல்லை, நீல ட்ரம் இருந்தது. அதற்குள் காப்பிப் பழம், இறுக மூடிய மூடி, மூடியிலிருந்து ஒரு டியூப், டியூபின் முனை தண்ணீர் பாட்டிலுக்குள். "காத்து உள்ள போகவே கூடாது மாமா. பழம் இதுக்குள்ளயே புளிச்சா ருசியே வேற. இது ஒண்ணு சரியா வந்துட்டா அப்பா தோட்டத்த விக்க மாட்டாரு" என்றான். மூன்று தலைமுறையாகக் கழுவிக் காயப்போட்ட காப்பியை நீ எதற்கு ஊறுகாய் போடுகிறாய் என்று தாங்கள் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன். பதிலுக்கு ட்ரம்தான் புளுக் புளுக் என்றது. பகலெல்லாம் புளுக், சாப்பிடும்போது புளுக், ஜெபமாலை சொல்லும்போது இரண்டு புளுக். சாராயம் மாதிரி வாசனை நாலு வீடு தாண்டியது. பக்கத்து வீட்டு சுப்புராயன் தம்ளரோடு வந்து, "இன்னா நைனா, எப்போ எறக்கப் போற? நம்ம கைல சொல்லாம வுட்டுட்டியே" என்று வருத்தப்பட்டார். அடுத்து ஒரு போலீஸ்காரர் வந்தார். சார், இது காப்பி என்றேன். "காப்பிக்கு எதுக்குய்யா ட்ரம்மு?" என்றார். அது எனக்கே தெரியாத விஷயம் என்பதால் அவருக்கும் விளக்க முடியவில்லை. மோந்து பார்த்துவிட்டு, சந்தேகம் தீராமலே போனார்.

செவ்வாய்க்கிழமை ஆண்ட்ரூ கடைக்குப் போயிருந்தான், வியாகுலம் கோயிலுக்குப் போயிருந்தாள். தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் கேட்டால் இராயபுரத்தில் பிணம்கூட எழுந்து ட்ரம்மை எடுக்கும், நான் உயிரோடு வேறு இருக்கிறேன். வீட்டில் உள்ள ட்ரம் எல்லாவற்றையும் வாசலுக்கு இழுத்தேன். ஒன்று கனத்தது. முழங்கால் வலிக்கு எல்லாமே கனம்தானே என்று மூச்சைப் பிடித்து இழுத்து, கையில் மாட்டிய டியூபை என்னவென்று பாராமல் பிடுங்கி, மூடியைத் திருகி வரிசையில் வைத்தேன். லாரி வந்த நேரத்தில் ட்ரம்முக்குள் யார் குனிந்து பார்ப்பார்கள், சொல்லுங்கள். லாரிக்கார ஃபர்ஹானும் பார்க்கவில்லை, ஹோசை விட்டுவிட்டான். பொங்கியது பாருங்கள், தெரு முழுக்கக் காப்பிப் பழம்! "யோவ் நைனா, இன்னாத்தய்யா ஊறப் போட்ட? கலீஜா கீதே!" என்று அவன் என்னையே திட்டினான்.

புயல் எச்சரிக்கையால் போட் எதுவும் கடலுக்குப் போகவில்லை. மீன் வராததால் சுப்புராயன் சம்சாரம் புஷ்பவல்லியும் தெருப் பெண்களும் வாசலில் சும்மா நின்றிருந்தார்கள். பாழாய்ப் போகிறதே என்று மீன் அன்னக்கூடைகளைக் கொண்டுவந்து அள்ளினார்கள். அள்ளியவர்கள் சும்மா இருந்தார்களா, உட்கார்ந்து பிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்ட்ரூ வந்தான், காலி ட்ரம்மைப் பார்த்தான், வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். "போச்சு மாமா, தோட்டமே போச்சு" என்றான். அப்புறம் நிமிர்ந்து கூடைகளைப் பார்த்தான். ஒன்றில் நல்ல சிவப்பு, ஒன்றில் பச்சை, ஒன்றில் பூச்சி அரித்தது. "இத யாரு பிரிச்சது?" என்று கேட்டான். "நாங்கதான். எறா தரம் பிரிக்கிற கைப்பா இது, இதுல இன்னா கீது?" என்றாள் புஷ்பவல்லி. அவன் ஏன் சட்டென்று அழுகையை நிறுத்தினான், ஏன் அவளையும் மற்றவர்களையும் உள்ளே கூப்பிட்டு, கோயிலிலிருந்து திரும்பிய வியாகுலத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினான் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு டீ கூடக் கொடுக்கவில்லை.

ஆகவே யார் பக்கமும் சாயாமல் நான் முடிவு சொல்கிறேன். ஆண்ட்ரூவின் ட்ரம் வித்தை தெருவோடு போயிற்று. தாங்கள் சொன்னதே சரி. தோட்டத்தை விற்றுவிடுங்கள். வியாகுலத்தின் கையெழுத்தை வாங்கி இத்துடன் வைத்துள்ளேன். தங்கள் வீட்டார் அனைவர்மேலும் மாதாவின் ஆசீர் இறங்குவதாக. நாய்க்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்,
அருள்நாதன்.

பி.கு.: கையெழுத்து இத்துடன் இல்லை. மேலே அப்படி எழுதிவிட்டு, வாங்கலாம் என்று உள்ளே போனேன். வியாகுலம் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள். அவள், புஷ்பவல்லி, தெருவில் இன்னும் அஞ்சு பெண்கள், ஆண்ட்ரூ எல்லோரும் சாயங்கால ரயிலுக்கு சேலம் புறப்படுகிறார்கள், அன்னக்கூடைகளோடு. "பறிக்க ஆளில்லன்னுதானே அண்ணன் அழுவுறாரு? ஆள இட்டுகினு வரேன்னு எழுதுங்க. எங்கப்பன் பூமிய விக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன், அதயும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். ரிசார்ட்காரருக்குத் தாங்களே சொல்லிவிடவும். இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டவில்லை. நானே கையில் கொண்டு வருகிறேன், இங்கே சோறு பொங்க ஆள் இல்லை.