இரண்டு கையெழுத்துக்குப் போய் வந்த கதை

சொன்னவர்: நான். கேட்டவரும் நானே. இடம்: பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தை. காலம்: அலுவல் கெட்டது போன வருடம் ஆனி மாதம், சொல்வது அவமானம் ஆறிய பின்பு. நாற்பது வருடமாகப் பிறர் வாய்க்கதைகளை இப்படித்தான் தலைப்பிட்டுப் பதிந்து வருகிறேன். என் கதைக்கு மட்டும் சலுகை தருவது முறையன்று.

அலுவல் எளியது. கடவுச்சீட்டு எடுக்க வேண்டும்.

எழுபதை நெருங்கும் இந்த வயதுவரை எனக்கு அது தேவைப்படவில்லை. நான் தேடிய கதைகள் எல்லாம் பஸ் போகும் தூரத்திலேயே கிடைத்தன. ஆனால் என் அக்கா திருச்சியில் அகதி முகாமில் இருக்கிறாள். தொண்ணூறாம் ஆண்டு படகேறிப் போனவள். அதன் பிறகு அவளை நான் நேரில் கண்டதில்லை. ஆவணியில் அவளுடைய பேத்திக்குக் கல்யாணம்.

"நீ வராட்டி நான் பந்தலுக்கை கால் வைக்கமாட்டன்," என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். "முகாமிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், என்ர தம்பி பெரிய படிப்பாளி, பிளேனிலை வாறான் எண்டு."

அக்கா ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் கடலைத் தாண்டியவள். அவளைப் போய்ப் பார்க்க எனக்கு வேண்டிய கடதாசிகளை என் மனைவி யோகம் ஒரு கோப்பில் அடுக்கினாள். அடையாள அட்டை இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படம் இருந்தது. அதில் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டவனைப் போல் தெரிந்தேன். பிறப்புச் சான்றிதழ்தான் இல்லை. மூன்று இடப்பெயர்வுகளில் ஏதோ ஒன்றில் அது எங்களோடு வர மறுத்துவிட்டது.

பிரதி கேட்டுப் பிறப்புப் பதிவுக் கந்தோருக்குப் போனேன். அங்கே றிஸ்வானா என்றொரு இளம் உத்தியோகத்தர் இருந்தார். தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து, முகத்தைச் சுளித்து, மூடினார்.

"சேர், நீங்க பொறந்த வருசத்துல சல்லி ஊர்ப் பக்கம் முழுக்கச் செல்லரிச்சுப் போச்சு. ஒண்டும் வாசிக்கேலாது."

"அப்ப நான் பிறந்ததுக்கு ஆதாரம் இல்லையோ?"

"பயப்படாதீங்க. வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். உங்களை விட மூத்த ரெண்டு பேர், அடையாள அட்டையில இருக்கிற திகதியிலதான் நீங்க பொறந்ததெண்டு சத்தியக் கடதாசியில கையெழுத்து வெச்சாப் போதும். அரை நாள் வேல சேர்."

அடையாள அட்டையின்படி நான் பிறந்தது ஜனவரி முதலாந் திகதி. கடதாசியைத் தட்டெழுதி எடுத்துக்கொண்டு ஓட்டோவில் நான் பிறந்த ஊரான சல்லிக்குப் புறப்பட்டேன்.

பூரணம் சின்னம்மா எண்பது கடந்தவர். நான் பிறந்தபோது பக்கத்து வளவில் இருந்தவர். மண்ணில் பாய் விரித்துச் சூடைக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். விடயத்தைச் சொன்னதும் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினார்.

"எவடத்திலை வைக்கிறது தம்பி?"

காட்டினேன். பேனை முனை கடதாசியைத் தொட ஒரு நூலளவு இருந்தது. உலகத்தில் வேறு எவனும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான்.

"சின்னம்மா, நான் பிறந்த அண்டைக்கு என்ன நடந்தது? உங்கட வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோவன்," என்றேன் நான்.

கையெழுத்து வாங்கப் போனவன் கதை வாங்கத் தொடங்கிவிட்டேன்! ஒலிப்பதிவுக் கருவியையும் தட்டிவிட்டேன் என்பதை வெட்கத்துடன் பதிகிறேன்.

சின்னம்மாவின் முகம் மலர்ந்தது. "ஞாபகம் இல்லாமலோ! நல்ல வெயில். இதே மாதிரி வளவெல்லாம் கருவாடு காயுது. நான் காகத்துக்குக் காவல். கொம்மா குளறின சத்தத்துக்கு விட்டுப்போட்டு ஓடினனான். திரும்பி வந்து பாத்தா, அரைவாசிக் கருவாட்டைக் காகம் கொண்டு போட்டுது! அண்டைக்கு நான் வாங்கின பேச்சு! எல்லாம் உன்னாலைதான்."

"அருமை, அருமை," என்றேன்.

சின்னம்மா பேனையைத் தூக்கினார். "நில்லு. இதிலை என்ன திகதி போட்டிருக்கு?"

"ஜனவரி ஒண்டு, சின்னம்மா."

"ஜனவரியிலை ஆரடா சல்லியிலை கருவாடு காயப்போடுறது? மழை கொட்டுமே! புழுத்தெல்லோ போகும்!"

"சில வேளை மறதியிலை..."

"என்ர கருவாட்டைக் காகம் தூக்கினதை நான் மறப்பனோ? நீ பிறந்தது வெயிலுக்கை. பொய்க்கு நான் கையெழுத்து வைக்கேலாது. முன்னாலை முத்துமாரி பாத்துக்கொண்டிருக்கிறா."

பேனையை மூடி என் சட்டைப் பையில் செருகினார். மனவருத்தம் எதுவும் இல்லை என்பதைக் காட்ட ஒரு பொட்டலம் கருவாடும் தந்தார்.

வீட்டு வாசலிலேயே யோகம் நின்றாள். "கையெழுத்து எங்கை?"

"கையெழுத்து இல்லை. ஆனா நல்லதொரு சான்று கிடைச்சிருக்கு."

அவள் பொட்டலத்தை முகர்ந்தாள். "கருவாடு கிடைச்சிருக்கு."

மறுநாள் காசிம் காக்காவைத் தேடிக் கிண்ணியாவுக்குப் போனேன்; அங்கே மூத்தவர்களைக் காக்கா என்பார்கள். அவருடைய தகப்பன், அவர் சொல்லில் வாப்பா, அந்நாளில் சல்லியில் கருவாடு வாங்கி விற்ற வியாபாரி. மருத்துவிச்சியை எங்கள் வீட்டுக்கு ஏற்றி வந்தது அவருடைய மாட்டு வண்டி என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். காக்காவுக்கும் எண்பதுக்கு மேல். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஒங்கட புறப்பா வாத்தியார்? நானும் வண்டியில இருந்தனே! வாப்பாக்குப் பக்கத்துல! செரியான மழ. சில்லு சேத்துல பொதைஞ்சு, மருத்துவிச்சி எறங்கி வண்டியத் தள்ளினா!"

மழை! என் நெஞ்சு குளிர்ந்தது. ஜனவரி மாதம் மீண்டும் உயிர்பெற்று எழுந்தது.

"கடதாசியத் தாங்க," என்று காக்கா கையை நீட்டினார்.

தந்திருக்கலாம். தந்துவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு, மத்தியானத்துக்குள் வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் சின்னம்மாவின் சான்று என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. அதற்கு விடை காணாமல் ஒரு தகவலை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

"காக்கா, உங்கட வாப்பா சல்லிக்கு வந்தது கருவாடு எடுக்கத்தானே?"

"ஓம், கருவாட்டு ஏவாரம்."

"அப்ப, அந்த மழைக்குள்ளை கருவாடு ஏது?"

காக்கா தாடியைத் தடவினார். அவர் முகத்தில் ஏதோ ஒரு கதவு திறப்பதை நான் கண்டேன். அந்தக் கதவு எனக்கு எதிராகத் திறக்கிறது என்பதையும் உணர்ந்தேன்.

"செரிதான் வாத்தியார்! அண்டைக்கு நாங்க கருவாட்டுக்கு வரல்ல. தேங்காய் ஏத்திட்டுப் போனம். அண்டைக்குப் புறந்தது..." கண்ணை மூடித் திறந்தார். "பொம்புளப் புள்ளையல்லோ! அது ஒங்கட ராத்தா, ஒங்கட அக்கா!"

"அப்ப நான்?"

"நீங்க எப்ப புறந்தீங்களெண்டு எனக்கென்ன தெரியும்? கேக்காம இருந்திருந்தா நீங்கதானெண்டு நெனைச்சுக் கையெழுத்து வெச்சிருப்பன். நல்ல காலம், அல்லாஹ் காப்பாத்தினான்!"

பொய்ச் சத்தியத்திலிருந்து தப்பிய மகிழ்ச்சியில் அவர் எனக்கு இரண்டாவது தேநீரும் தந்தார்.

அன்று யோகம் என்னை வாசலில் வைத்து ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

"நாளுக்கொரு சாட்சியை அழிச்சுக்கொண்டு வாறியள். மூத்த ஆக்கள் ஊரிலை இன்னும் எத்தினை பேர் மிச்சம்? அங்கை உங்கட அக்கா ஊரைக் கூட்டிச் சொல்லிப்போட்டு இருக்கிறா. அவவுக்கு என்னெண்டு மறுமொழி சொல்லப் போறியள்?"

எனக்கும் பயம் பிடித்தது. ஆவணிக்கு அதிக நாள் இல்லை. பயம் வந்தால் நான் எழுதத் தொடங்குவேன். பன்னிரண்டு பக்கம் எழுதினேன். சல்லிப் பாடம், கிண்ணியாப் பாடம், அடையாள அட்டைப் பாடம், மூன்றையும் ஒப்பிட்டு அடிக்குறிப்புகள். மறுநாள் காலை அதை றிஸ்வானாவின் மேசையில் வைத்தேன்.

அவர் நான்கு பக்கம் பொறுமையாகப் புரட்டினார். "சேர், இதுல முடிவு எங்க?"

"முடிவு கூறுவது தொகுப்பவன்ர வேலை இல்லைப் பிள்ளை."

"அப்ப நீங்க பொறந்தீங்களா, இல்லையா?"

"அதிலை மாறுபாடு இல்லை. எல்லாரும் நான் பிறந்ததாகத்தான் சொல்லுகினம்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மீன் வியாபாரி ஒருவர், "ஐயா, வருசத்திலை எத்தினை கேக் வெட்டுவியள்?" என்றார். கந்தோர் சிரித்தது.

அந்த வேளை பார்த்து என் தொலைபேசி அடித்தது. அக்கா. காது மந்தமாகையால் என் தொலைபேசி எப்போதும் ஊருக்கே கேட்கும்படிதான் பேசும்.

"எட தம்பி, பாஸ்போட் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை அக்கா. பிறந்த திகதியிலை சிக்கல்," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். "உனக்குத் தெரியுமோ, இந்த ஜனவரி ஒண்டை முதன்முதல் ஆர் சொன்னது?"

மறுமுனையில் அக்கா கலகலவென்று சிரித்தாள்.

"நான்தானடா! உன்னைப் பள்ளிக்கூடத்திலை சேக்கிற அண்டைக்கு அம்மாக்குக் காய்ச்சல். பத்து வயசு எனக்கு. நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போனனான். பெரிய வாத்தியார் பிறந்த திகதி கேட்டார். எனக்கென்ன தெரியும்? அவரின்ர தலைக்கு மேலை கலண்டர் தொங்கினது. லீவு முடிஞ்ச முதல் நாள், ஒருத்தரும் தாள் கிழிக்கேல்லை. அதிலை இருந்ததைப் பாத்து அப்பிடியே வாசிச்சுப்போட்டன். என்ர கெட்டித்தனம் எப்பிடி!"

றிஸ்வானா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"சேர், நான் ஒண்டும் கேக்கல்ல. போனை நிப்பாட்டுங்க!"

நிறுத்தப்போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

"ஏன்டா, அங்கை ஆரும் நிக்கினமோ?" அக்காவின் குரல் சட்டென்று மாறியது. "நான் சொன்ன பொய்யாலை உனக்குப் பாஸ்போட் தரமாட்டினமோ? அப்ப உன்னாலை வரேலாதோ தம்பி?"

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மீன் வியாபாரி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

றிஸ்வானா எழுந்து என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கினார். "அம்மா, சேர் வருவார். நீங்க கல்யாண வேலையப் பாருங்க," என்று சொல்லி, ஒரே தட்டில் அதை அணைத்தார்.

பிறகு என் சத்தியக் கடதாசியை விரித்து, திகதியை வெட்டிவிட்டு, பேனையால் புதிதாக எழுதினார்: 'இன்ன ஆண்டளவில் பிறந்தவர் என உத்தேசமாக அறிவேன்.'

"உத்தேசமெண்டு போட்டாலே சட்டத்துக்குப் போதும் சேர். திகதி போடச் சொன்னது என்ர பிழை. உங்களைப் போல ஒருத்தர் வருவாரெண்டு நான் நெனைக்கல்ல." பன்னிரண்டு பக்கத்தையும் என்னிடமே திருப்பித் தந்தார். "ரெண்டு நிபந்தன. கையெழுத்து வாங்க உங்கட மனுசி போகணும். நீங்க ஓட்டோவ விட்டு எறங்கக் கூடாது."

அப்படியே நடந்தது. சல்லியில் யோகம் கடதாசியைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னாள். சின்னம்மா, "உத்தேசமெண்டா உண்மைதானே," என்று கையெழுத்து வைத்தார். வைத்த கையோடு ஓட்டோவைப் பார்த்து, "தம்பி! உன்ர தொப்புள்கொடி வெட்டினது ஆரெண்டு தெரியுமோ?" என்று கூப்பிட்டார்.

என் கால் ஓட்டோவுக்கு வெளியே போய்விட்டது.

"வாயைத் திறந்தியளெண்டா திருச்சி இல்லை," என்றாள் யோகம்.

காலை உள்ளே எடுத்தேன். தொப்புள்கொடியை யார் வெட்டியது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கிண்ணியாவிலும் அவளே இறங்கிப் போனாள். காக்காவின் தேநீர் எனக்கு ஓட்டோவுக்கே வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு இரண்டு கையெழுத்தும் யோகத்தின் கைப்பையில் இருந்தன. சான்றிதழ் வந்தது, கடவுச்சீட்டு வந்தது, விசா வந்தது. ஆவணியில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் கால் வைத்தாள். வந்தவர்களிடம் எல்லாம், "என்ர தம்பி, பிளேனிலை வந்தவன்," என்று சொன்னாள். என் வயதை ஒருவரும் கேட்கவில்லை.

இது நான் சொல்லும் முடிவு. வேறு முடிவுகளும் ஊரில் உண்டு. சல்லியில் சொல்லப்படுவதன்படி, விமான நிலையத்து அதிகாரி பிறந்த திகதியைக் கேட்க, நான் விளக்கத் தொடங்க, விமானம் என்னை விட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது. கிண்ணியாவில் சொல்லப்படுவதன்படி நான் விமான நிலையத்துக்கே போகவில்லை. யோகம் தனியே போய், கல்யாணத்தை நடத்தி வைத்துவிட்டுத் திரும்புகிறாள்.

இந்த இரண்டாவது கதை காசிம் காக்காவுக்கு யாரிடமிருந்து கிடைத்தது என்று விசாரித்துப் பார்த்தேன். சொன்னவர்: யோகம்.