ஷேர் ஆட்டோவில் இறங்கிய சுகர்

தன் உடம்பைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்டவனோடு ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடாது. நம்பாவிட்டால் என் மனைவி செல்வியைக் கேளுங்கள். அந்த மூன்று மாதமும் என்னோடு குடித்தனம் நடத்திய புண்ணியவதி.

துறைமுக யார்டில் எட்டு வருடமாகக் கண்டெய்னர் நம்பர் குறித்துக்கொண்டிருந்த எனக்குக் கிரேன் ஆபரேட்டர் வேலை கிடைப்பதாக இருந்தது. பயிற்சி முடித்து, ஓட்டியும் காட்டிவிட்டேன். மெடிக்கலில் மட்டும் சுகர் எல்லை தாண்டி நின்றது. "மூணு மாசத்துல குறைச்சுட்டு வாங்க. இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க" என்றார் டாக்டர். எட்டு வருடம் அண்ணாந்து பார்த்த கிரேன். விடுவேனா?

இடது மேல்கையின் பின்புறம், ரூபாய் நாணயம் அளவில் ஒரு சென்சாரை ஒட்டிக்கொண்டேன். சுகர் ஏறுவதையும் இறங்குவதையும் அது என் போனுக்குச் சொல்லும், செல்வியின் போனுக்கும் சொல்லும். 'உங்கள் உடம்புக்கென்றே தனித் திட்டம்' என்று ஆப்பில் ஓர் ஆலோசகர் வேறு. அதற்கப்புறம் என் வாயை மூட ஆளில்லை. எனக்கு இட்லி ஆகாது, சுண்டல் ஆகும். சோற்றுக்கு முன்னால் வெள்ளரிக்காய், பின்னால் மொட்டைமாடியில் பத்து சுற்று. கேன்டீனில் பரோட்டா பிய்க்கிறவன் பக்கத்தில் போய் நின்று, நூறு வயது வாழ்வது எப்படி என்று உபன்யாசம் செய்வேன். (என்னைக் கண்டாலே தட்டோடு எழுந்து ஓடினார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.)

ஆனால் சுகர் இறங்கியது. சத்தியமாக இறங்கியது.

மறு மெடிக்கல் அன்று காலை ஏழரைக்கு, வெறும் வயிற்றோடு திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எட்டரைக்குள் ராயபுரத்தில் ரத்தம் கொடுக்க வேண்டும். கிரேனுக்கு ஆள் எடுக்கும் பட்டியல் அன்றோடு முடிகிறது. மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒரு மீன்கார அக்கா ஏறி, என் இடது பக்கம் உட்கார்ந்தார். மடியில் காலி அன்னக்கூடை, அதற்குள் ஒரு ஸ்வீட் டப்பா. தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். என் இடது கை அவருக்கும் எனக்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டது.

டோல்கேட் தாண்டியதும் டிரெய்லர் வரிசை. ஆட்டோ நின்றது. போன் அலறியது. சுகர் அறுபத்தாறு.

உடனே செல்வி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். "யோவ், இன்னாய்யா அறுபத்தாறு காட்டுது? தல சுத்துதா?"

சுற்றியது. வியர்த்தது. கை கால் நடுங்கியது. (மே மாதம். சீட்டுக்கு அடியில் உறுமும் என்ஜின், முன்னால் டீசல் புகை, கூடவே மணலி ஆலைகளின் நாற்றக் காற்று. அந்த ஆட்டோவில் இருந்த எல்லோருக்கும் இதே மூன்றும் இருந்திருக்கும். அது தோன்றினால் நான் ஏன் நானாக இருக்கிறேன்?)

"சுகர் எறங்குதுக்கா" என்றேன், செத்த குரலில்.

"அய்ய, இன்னா நைனா சொல்ற! எங்க ஊட்டுக்காரரும் இப்டித்தான் ஒரு நாளு பொத்துனு வுயுந்துட்டாரு. உன்ன உட்டுடுவனா!" அக்கா என் இடது கையை இழுத்துத் தன் விலாவோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். போன் மறுபடி அலறியது. ஐம்பத்தெட்டு.

அக்கா டப்பாவைத் திறந்தார். "வேணாங்க்கா, வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்" என்று கெஞ்சினேன்.

"உசுரு இருந்தாத்தான ரத்தம் குடுப்ப? வாயத் தொற!"

"நீங்க குடுங்கக்கா, அந்தாளு பேச்சக் கேக்காதீங்க!" என்று போனுக்குள்ளிருந்து செல்வி.

கிரேனா, உயிரா? அழுதுகொண்டே ஜாங்கிரி தின்ற மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தின்றும் ஏறவில்லை. ஐம்பத்து நாலு. அக்கா இன்னும் இறுக்கினார். இரண்டாவது ஜாங்கிரி. ஐம்பது. டிரைவர் இறங்கி ஓடி, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட பாலோடு வந்தார். "குடி மாமு, நான் கீறன்ல!" அவர் ஊற்ற ஊற்ற அக்கா இறுக்க, எண் நாற்பத்தேழுக்குப் போனது.

எனக்கு நம்பிக்கை போய்விட்டது. "செல்வி, இன்சூரன்ஸ் பேப்பர் பீரோ மேல்தட்டுல கீது. போன மாசம் சென்சார் மாத்துன அன்னிக்கி பர்மா கடையில அத்தோ நூடுல்ஸ் துன்னுட்டேன். மன்னிச்சுடு."

மூன்றாவது ஜாங்கிரியோடு ராயபுரம் வந்தது. அக்கா என்னைத் தாங்கிக்கொண்டே உள்ளே வந்தார். டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். இருநூற்று நாற்பத்தொன்று.

"வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

"ஆமா டாக்டரு, வெறும் வயிறுதான்" என்று அக்கா முந்திக்கொண்டார். "நாந்தான் மூணே மூணு ஜாங்கிரி குடுத்தேன்."

டாக்டர் என் கையையும், அதை இன்னும் விடாத அக்காவையும் பார்த்தார். "அந்தப் பக்கம் அழுத்திப் பிடிச்சா சென்சார் பொய்யா குறைச்சுக் காட்டும். உங்களுக்குச் சொல்லலையா?"

ஆலோசகர் முதல் நாளே எழுதி அனுப்பியிருந்தார். நான் கேன்டீனில் உபன்யாசத்தில் இருந்தேன்.

நல்ல மனிதர், மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்டையும் எடுத்தார். அது பிரமாதமாக வந்தது. கம்பெனிப் படிவத்தில் அதற்குத்தான் கட்டம் இல்லை. வெறும் வயிற்றுச் சுகருக்கான கட்டம் நிரம்பாமலே அன்றோடு பட்டியல் முடிந்தது. எனக்கு அடுத்து நின்றவர் கிரேன் ஏறினார்.

பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னா நைனா, மறுக்கா எறங்குதா?" என்று டப்பாவைத் திறந்தார்.

அடுத்த ஆள் எடுப்பில், ஒரு வருடம் கழித்து, நானும் கிரேன் ஏறிவிட்டேன். வீட்டில்தான் அந்த நாள் இன்னும் முடியவில்லை. ஆசையாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால், பிள்ளைகள் முன்னாலேயே செல்வி நகர்ந்துகொள்கிறாள்.

"தள்ளி குந்துய்யா. கட்டிப் புடிச்சா சுகர் எறங்கிடும்."